மலையில் விமானம் கட்டும்போது உலோகம் பூத்தால், துருப்பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுபவர்களின் காலத்தில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போகும். தகடு வந்துவிடும், ரிவெட் வந்திருக்காது. ரிவெட் வந்தால் விடுமுறை முடிந்திருக்கும். இப்படி ஒரு கிட் (பாகங்களாக வாங்கி நாமே கோர்க்கும் விமானம்) முடிய ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அத்தனை காலமும் பிரைமர் (அடிப்பூச்சு) படாத பாகங்கள் அலமாரியில் கிடக்கின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அக்டோபரில் வடகிழக்கு மழை. குன்னூர், கோத்தகிரி கிழக்குச் சரிவுகளுக்கு அதுதான் பெரிய மழை. அது ஓய்ந்ததும் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. உலோகத்துக்கு நிம்மதியான மாதங்கள் குறைவு.

என் கொட்டகையிலும் நண்பர்களின் கொட்டகைகளிலும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியும் அறிகுறியைத் தேடிப் பிடித்து அங்கிருந்து படியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். நான் பேசும் உலோகங்கள் மூன்று: அல்கிளாட் (தூய அலுமினிய மெல்லடுக்கு) பூச்சுள்ள 2024-டி3 அலுமினியத் தகடு, பூச்சில்லாத 6061-டி6 அலுமினியம், குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் வரும் 4130 குரோமாலி எஃகு.

எந்த அறிகுறியானாலும் இரண்டு கருவி கையில் இருக்கட்டும்: ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், உலோகத்தின் மேலேயே ஒட்டிவைத்துப் பார்க்கும் வெப்பமானி. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு மீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் தப்புத் தப்பாகக் காட்டும். அதுதான் இருக்கிறது என்றால் தகட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அந்த டேப்பின் மேல் காட்டுங்கள்.

அறிகுறி 1: காலையில் பாகங்கள் ஈரமாக இருக்கின்றன, ஆனால் கூரை ஒழுகவில்லை

மலைக் கொட்டகைகளில் மற்ற எல்லாக் கோளாறுக்கும் தாய் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இரவில் உலோகம் குளிர்ந்துவிடுகிறது. காலையில் மேகம் கதவு வழியாக உள்ளே வருகிறது, அல்லது வெயில் ஏறி ஈரக் காற்று சூடாகிறது. காற்று சட்டென்று சூடாகும், உலோகம் மெதுவாகத்தான் சூடாகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பது போல உங்கள் இறக்கை விட்டம் (இறக்கையைத் தாங்கும் உத்திரம்) வியர்க்கும்.

பார்க்க வேண்டிய கணக்கு எளிது. ஈரப்பதம் 100-லிருந்து எவ்வளவு குறைவோ அதை 5-ஆல் வகுங்கள். வருவதைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். காற்று 14 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 14-லிருந்து 2 போக 12. உலோகம் 12 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதன்மேல் தண்ணீர் உட்காரும். ஈரப்பதம் 50-க்கு மேல் இருக்கும்வரை இந்தக் கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வரும்; நம் ஊரில் மழைக்காலத்தில் அது 50-க்குக் கீழே போவது அபூர்வம்.

*காலையில் கதவு, ஜன்னலைத் திறக்கிறீர்களா?* சமவெளியில் காற்றோட்டம் நல்லது. இங்கே மேகம் இறங்கிய காலையில் திறப்பது தண்ணீரை உள்ளே அழைப்பதுதான். வெளியே வெயில் அடித்து, உலோகமும் சூடான பிறகு, பகல் பதினொன்றுக்கு மேல் திறங்கள். நாலு மணிக்கு முன்னால் மூடுங்கள்.

*மண்ணெண்ணெய் ஹீட்டர், கேஸ் ஹீட்டர் வைத்திருக்கிறீர்களா?* உடனே நிறுத்துங்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. சமையல் கேஸும் அப்படித்தான். அறை கதகதப்பாக இருக்கும், மூலையில் குளிர்ந்து கிடக்கும் குழாயெல்லாம் நனையும். கரி அடுப்பை மூடிய கொட்டகையில் வைப்பது உயிருக்கே ஆபத்து. குளிருக்குக் கரி மூட்டிவிட்டு மூச்சுமுட்டி இறந்தவர்கள் இந்த மலையில் உண்டு.

*பாகங்கள் சிமெண்டுத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ இருக்கின்றனவா?* தரையிலிருந்து ஓரடி உயர்த்துங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். தார்ப்பாலினால் இறுக்கி மூடாதீர்கள். தரை ஈரம் அதற்குள் சிக்கிக்கொள்ளும்.

இதெல்லாம் செய்தும் நனைகிறது என்றால் சூடான அலமாரிதான் வழி. பழைய மர பீரோவோ பிளைவுட் பெட்டியோ போதும். அடியில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, கம்பி வலைக்குள், எந்தப் பொருளும் தொடாதபடி. எல்இடி பல்பு வேலைக்கு ஆகாது, அது சூடு தராது. உள்ளே இருக்கும் உலோகம் அறையைவிட நாலைந்து டிகிரி சூடாக இருந்தாலே போதும். சின்னப் பாகங்களுக்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். நிறம் மாறும் ஜெல்லாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் மின்சாரம் போகும்போது டப்பாதான் காப்பாற்றும், பல்பு அல்ல.

ஈரநீக்கும் இயந்திரம் கடைசிச் செலவு. வாங்குவதானால் குளிரிலும் வேலை செய்யும் டெசிகண்ட் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த) வகை வேண்டும். சாதாரண கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே உறைந்து சோர்ந்துவிடும்.

அறிகுறி 2: தகட்டின் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரித்தால் அடியில் வெண்புள்ளி, நெளிநெளியான மெல்லிய கோடு

கீறல் படாமல் இருக்க ஒட்டப்பட்ட நீல அல்லது வெள்ளைப் படலம் இது. வேலை முடியும்வரை அப்படியே இருக்கட்டும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓரத்திலும் துளையிலும் அது தூக்கும், ஈரம் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. நாளாக நாளாகப் பசையும் இறுகிக்கொண்டு உரிக்கவே வராது.

முதலில் பஞ்சும் அலுமினியப் பாலிஷும் எடுத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள். கறை போய், பத்து மடங்கு லென்ஸில் குழி தெரியவில்லை என்றால் அது மேல்கறைதான். கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்துவிடலாம்.

எடுத்த எடுப்பில் உப்புத்தாள் போடாதீர்கள். 0.025 அங்குலத் தகட்டின் மொத்த கனம் 0.635 மில்லிமீட்டர். அதில் ஒரு பக்கத்து அல்கிளாட் பூச்சு சுமார் 5 சதவீதம், அதாவது 0.03 மில்லிமீட்டர். நாலு தேய்ப்பில் அது போய்விடும். அதற்குக் கீழே இருக்கும் 2024-இல் தாமிரம் கலந்திருப்பதால் வெறுமையாக விட்டால் சீக்கிரம் அரிக்கும்.

பூச்சு போய்விட்டதா என்ற சந்தேகம் இருந்தால் அதே அளவு தேய்த்த ஒரு வெட்டுத்துண்டில் பத்து சதவீத காஸ்டிக் சோடா கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். கறுத்தால் உள்ளே இருக்கும் 2024 வெளிவந்துவிட்டது. வெள்ளையாகவே இருந்தால் பூச்சு மிச்சம் இருக்கிறது. கையுறை, கண்ணாடி கட்டாயம். நிஜப் பாகத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

பூச்சு போன இடத்துக்கு அலோடைன் போன்ற குரோமேட் பூச்சு, அதன்மேல் எப்பாக்ஸி பிரைமர். குழி நகத்தில் தட்டுப்படுகிறது, அதுவும் ரிவெட் வரிசையிலோ விட்டத்திலோ இருக்கிறது என்றால் அங்கே நிறுத்திவிட்டுக் கிட் தயாரிப்பாளருக்குப் படத்தோடு எழுதுங்கள். சாதாரண மேல்தகடு என்றால் புதிதாக ஒன்று வாங்குவதே பெரும்பாலும் மலிவு.

இனி வரும் தகடுகளுக்கு ஒரே வழக்கம்: மழைக்கு முன்னால் எல்லாப் படலத்தையும் உரித்துவிடுங்கள். கீறல் பயம் இருந்தால் தகடுகளுக்கு இடையே உலர்ந்த மெல்லிய ஃபோம் தாள் வையுங்கள். செய்தித்தாளும் அட்டையும் வேண்டாம், அவை ஈரத்தை இழுத்துத் தகட்டோடு ஒட்டிவைக்கும். படுக்கவைத்து அடுக்குவதைவிட நிறுத்திவைப்பது நல்லது.

அறிகுறி 3: கைரேகை அப்படியே சாம்பல் நிறத்தில் பதிந்திருக்கிறது

வியர்வை உப்பு. கழுவாமல் விட்டால் 4130-இல் ஒரே இரவில் ரேகை சிவப்பாகிவிடும்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று: அசிட்டோன், தின்னர் எல்லாம் எண்ணெயைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் துடையுங்கள், உடனே காயவையுங்கள், அதற்கப்புறம் அசிட்டோன். நைட்ரைல் கையுறை போட்டுத்தான் பாகத்தைத் தொடுவது என்று வீட்டில் உதவிக்கு வருபவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். துடைத்த பிறகும் ரேகை தெரிந்தால் அறிகுறி 2-இல் சொன்ன பாலிஷ்.

அறிகுறி 4: சில வாரங்களில் எல்லாப் பாகமும் ஒரேயடியாக மங்கிவிட்டது

ஒரு மூலை மட்டும் கெட்டால் ஈரம். எல்லாம் சேர்ந்து கெட்டால் கொட்டகைக்குள் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. மூக்கை நம்புங்கள், பிறகு அலமாரியைச் சோதியுங்கள்.

தேயிலைத் தோட்டக்காரர் வீடு என்றால் முதல் சந்தேகம் உர மூட்டை. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. மூட்டையைப் பிரிக்கும்போது எழும் தூசு தகட்டில் படிந்து, மேகம் வந்ததும் உப்புத் தண்ணீராகிவிடும். அம்மோனியம் சல்பேட்டும் அதே கதை. உரமும் விமானமும் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது.

அடுத்து கழிவறை ஆசிட், தொட்டி கழுவும் பிளீச்சிங் பவுடர். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி வரும். அதற்கடுத்து சார்ஜ் ஆகும் இன்வெர்ட்டர் பேட்டரி. ஜன்னல் அடைக்கும் சிலிக்கான் பசையில் புளித்த காடி வாசனை வந்தால் அது அசிட்டிக் ஆசிட் வகை. காயும்வரை உலோகத்தை அந்த அறையில் வைக்காதீர்கள், பாகத்தின் மேல் என்றைக்குமே பூசாதீர்கள். புதிதாக அறுத்த யூகலிப்டஸ் பலகையில் ரேக் அடித்திருந்தால் அதுவும் அமில ஆவி விடும். நன்றாக உலர்ந்த மரமாக இருக்கட்டும், பெயிண்ட் அடித்திருக்கட்டும்.

எலி. மழைக்கு ஒதுங்க வரும் எலி முடித்த இறக்கைக்குள்ளே கூடு கட்டும். அதன் மூத்திரம் அலுமினியத்தைத் துளைத்துவிடும். கட்டிமுடித்த பகுதிகளின் திறப்புகளை எல்லாம் கம்பி வலையால் அடையுங்கள்; பஞ்சு அடைத்தால் ஈரம் குடிக்கும். கூடு கண்டால் உள்ளே எண்டோஸ்கோப் கேமரா விட்டுப் பாருங்கள். போனோடு இணைக்கும் மலிவானதே போதும். வெள்ளைக் குவியல் தெரிந்தால் அந்தப் பகுதியின் ரிவெட்டைக் கழற்றித் திறக்க வேண்டியதுதான்.

அறிகுறி 5: 4130 குழாயிலும் ஃபிட்டிங்கிலும் செந்துரு

*வெளியே, லேசான ஆரஞ்சுப் படலம்.* மணல் வீசிச் சுத்தம் செய்த எஃகு இங்கே மாலைக்குள் நிறம் மாறும். மெருன் நிற ஸ்காட்ச்-பிரைட் போட்டுத் தேயுங்கள். பளிச்சென்று வந்துவிட்டால் பழுதில்லை. அதே மணி நேரத்தில் பிரைமர் அடியுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அடிக்க முடியாத நிலை என்றால் ஏசிஎஃப்-50 அல்லது எல்பிஎஸ்-3 போன்ற காப்பு எண்ணெய் தடவிவையுங்கள். பிரைமர் அடிக்கும் நாளில் அதை முழுக்கக் கரைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் எதுவும் ஒட்டாது. ரிவெட் அடித்து மூடப்போகும் அலுமினிய இணைப்புகளில் பெயிண்ட் வேலை முடியும்வரை இந்த எண்ணெய் வேண்டாம். இடுக்கிலிருந்து மாதக்கணக்கில் கசியும்.

*தேய்த்த பிறகு கருப்புப் புள்ளி மிச்சம்.* அது குழி. கேலிப்பரில் கனம் பாருங்கள், தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வெல்டுக்குப் பக்கத்தில் இருந்தால் எல்லை எல்லாம் பார்க்க வேண்டாம், விமான வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

*போல்ட்டில் துரு.* மஞ்சள் நிறக் காட்மியம் பூச்சுள்ள ஏஎன் (விமானத் தர) போல்ட் துருப்பிடித்தால் தூக்கிப் போடுங்கள். கம்பி பிரஷ் போடாதீர்கள், காட்மியம் தூசு நஞ்சு. துரு நீக்கும் ஆசிட்டில் ஊறவைப்பதும் கூடாது. உறுதி மிகுந்த எஃகில் ஹைட்ரஜன் புகுந்து, பார்வைக்குப் புதிதாக இருக்கும் போல்ட் ஒருநாள் சொல்லாமல் ஒடியும். சக்கரக் கால்களுக்கும் இதே விதி.

*குழாயின் உள்ளே.* துளையில் ஒரு கயிற்றில் வெள்ளைத் துணி கட்டி இழுத்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் சூடாக்கிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டி, வடித்து, துளையை அடைத்துவிடுங்கள். பழைய கால விமானங்களிலிருந்து வரும் முறை இது, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் அமிழ்த்தி வெளியே வையுங்கள். துணியில் செந்தூள் வந்தால் கேமரா விட்டுப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் மீயொலிக் கருவியால் குழாய்ச் சுவரின் கனம் அளக்க வேண்டும். வார்ப்படத் தொழில் பெருகிய கோவையில் இந்தச் சோதனை செய்பவர்கள் கிடைப்பார்கள். கனம் குறைந்திருந்தால் அந்தக் குழாய்த் துண்டை வெட்டி மாற்றுவதுதான் வழி.

அறிகுறி 6: பிரைமர் அடித்தும் பிரச்சினை

*மறுநாளும் பிசுபிசு.* முதலில் பிரைமர், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் என்ற இரண்டு டப்பாவின் கலப்பு விகிதம். அடுத்து குளிர். பெரும்பாலான எப்பாக்ஸி பிரைமர் 10 டிகிரிக்குக் கீழே இறுகுவதை நிறுத்திவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பகலில் 18 டிகிரியில் அடித்துவிட்டு இரவில் 4 டிகிரியில் விட்டால் பாதி வெந்த பிரைமர்தான். பல்பு அலமாரியில் வைத்து ஒருநாள் சூடு கொடுங்கள். விகிதம் சரியாக இருந்திருந்தால் இறுகிவிடும். அப்போதும் நகம் பதிந்தால் முழுக்க எடுத்துவிட்டு மறுபடி.

*மேலே மெழுகு போன்ற வழுவழுப்பு.* குளிரும் ஈரமும் சேர்ந்ததால் ஹார்ட்னரிலிருந்து எழுந்த படலம். தின்னரால் துடைத்தால் இழுபடும். வெதுவெதுப்பான தண்ணீரும் துணியும் போட்டுக் கழுவி, காயவைத்து, லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த கோட் அடியுங்கள்.

*அடிக்கும்போதே பால் நிறம்.* தின்னர் வேகமாக ஆவியாகி உலோகத்தைக் குளிர்விக்கிறது, மேலே தண்ணீர் இறங்குகிறது. மெதுவாக உலரும் தின்னர் மாற்றுங்கள், அல்லது அன்றைக்கு வேலையை விடுங்கள். அடிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு எளிய சோதனை: ஈரத்துணியால் உலோகத்தில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்தில் காய்ந்தால் அடிக்கலாம். உலோகம் அறிகுறி 1-இல் போட்ட பனிநிலைக் கணக்கைவிட 3 டிகிரியாவது மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

*சிறு கொப்புளம், ஊசிமுனை ஓட்டை.* கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர். காற்றை மட்டும் ஒரு சுத்தமான கண்ணாடியில் அரை நிமிடம் வீசிப் பாருங்கள், துளி படிந்தால் உறுதி. தொட்டியைத் தினமும் வடியுங்கள், குழாயில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் போடுங்கள்.

*டேப் ஒட்டி இழுத்தால் உரிகிறது.* அடியில் எண்ணெய். பாகத்தைத் தேய்த்துக் கழுவியதும் மேலே பேட்டரி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அறுந்து முத்துமுத்தாகப் பிரியாமல் அரை நிமிடம் ஒரே படலமாக நின்றால் சுத்தம். பிரிந்தால் மறுபடி கழுவுங்கள். இந்த ஒரு சோதனையைத் தவறாமல் செய்பவரின் பிரைமர் உரிந்து நான் பார்த்ததில்லை.

குரோமேட் கலந்த பிரைமரை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், அந்தத் தூசு புற்றுநோய் தரும். ஐசோசயனேட் உள்ள பெயிண்ட்டுக்கு வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த வேலையைப் பெயிண்ட் கூடத்திடம் கொடுத்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அறிகுறி 7: போல்ட், நட் பிளேட் (தகட்டோடு பொருத்திய நட்) இவற்றைச் சுற்றி வெள்ளைத் தூள், அலுமினியத்தில் செம்புள்ளி

செம்புள்ளி என்றால் யாரோ இரும்பு நாரோ கம்பி பிரஷோ போட்டிருக்கிறார்கள், அல்லது பக்கத்தில் கிரைண்டர் ஓடியிருக்கிறது. அலுமினியத்துக்கென்று தனி ஸ்காட்ச்-பிரைட், தனி அரம் வைத்துக்கொள்ளுங்கள். எஃகு வேலையை வேறு மூலைக்கு மாற்றுங்கள்.

வெள்ளைத் தூள் என்றால் இரண்டு வெவ்வேறு உலோகம் நேரடியாக உரசி நிற்கிறது. கழற்றி, சுத்தம் செய்து, துளையின் உள்விளிம்புக்கும் பிரைமர் தடவி, பிரைமர் ஈரமாக இருக்கும்போதே போல்ட்டைப் போடுங்கள். துளை பெரிதாகியிருந்தால் அதை நீங்களாக ரீமர் போட்டுச் சரிசெய்ய வேண்டாம், தயாரிப்பாளரைக் கேளுங்கள். கார்பன் ஃபைபர் பாகம் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நடுவில் ஒரு கண்ணாடி இழை அடுக்கு கட்டாயம்.

அறிகுறி 8: ஓரம் இலை இலையாக உப்பியிருக்கிறது, ரிவெட் தலை மேலே தூக்கியிருக்கிறது

இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அரிப்பு உலோகத்தின் உள்ளே போய்விட்டது, வெளியே தெரிவது கொஞ்சம்தான். தேய்க்காதீர்கள், பிரைமர் அடித்து மறைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், பாக எண்ணைக் குறியுங்கள், தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழையுங்கள். மறைந்த விரிசலைக் காட்டும் எடி கரண்ட், சாய ஊடுருவல் சோதனை தேவையா, பாகம் மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும். விட்டத்தில் இது வந்தால் பெரும்பாலும் மாற்றுவதுதான். பணம் போகும், அதைவிட ஆறு மாதம் போகும், ஆனாலும் மாற்றுங்கள். அவர் எழுதிக் கொடுப்பதையும் தயாரிப்பாளரின் பதிலையும் படங்களோடு கட்டுமானப் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். இறக்கையை மூடும் முன் ஆய்வுக்கு வருபவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கேட்பார்.